எட்டு மணி நேரம் என்று போட்டும் ஜிபிஜி இரண்டு மணி நேரத்தில் பாஸ்பிரேஸ் கேட்பது ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும். உபுண்டு லேப்டாப்பில் கிட் கமிட்களுக்கு (நிரலில் செய்த மாற்றங்களின் பதிவுகளுக்கு) ஜிபிஜியால், அதாவது கையெழுத்துக்கும் மறைகுறியாக்கத்துக்குமான நிரலால், கையெழுத்துப் போடுகிறீர்கள். 'பாஸ்' நிரலில் பாஸ்வேர்டுகளையும் வைத்திருக்கிறீர்கள். ரகசியச் சாவியைத் திறக்கிற பாஸ்வேர்டான பாஸ்பிரேஸை நாளுக்குப் பத்துத் தடவை அடித்து அலுத்துப்போய், ஜிபிஜி-ஏஜென்ட்.கான்ஃப் ஃபைலில் டிஃபால்ட்-கேஷ்-டிடிஎல் 28800 என்று எழுதினீர்கள். டிடிஎல் என்பது நினைவில் வைத்திருக்கும் ஆயுள், வினாடியில்; எட்டு மணி நேரக் கணக்கு. ஆனால் காலை ஒன்பதுக்கு அடித்தால் பதினொன்றைத் தாண்டியதும் திரும்பக் கேட்கிறது. சில வாரம் கழித்து, இவ்வளவு நேரம் திறந்து கிடப்பது சரியில்லை என்று 60 ஆகக் குறைத்தீர்கள். அன்றிலிருந்து நாள் முழுக்கக் கேட்பதே இல்லை. கூட்டினால் குறைகிறது, குறைத்தால் கூடுகிறது, இதை டெர்மினலிலிருந்தே ஒழுங்காக அமைப்பது எப்படி என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் எண்ணைப் பற்றிக் கேட்டாலும் உள்ளே இருக்கிற கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. என் பாஸ்பிரேஸ் இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, எப்போது அழியும்? அது தெரிந்துவிட்டால் எண்கள் தானாக அமையும். நான் பல வருஷமாக லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். பேக்கேஜ்களுக்கு ஜிபிஜி கையெழுத்துப் போடுவது என் வேலையில் ஒரு பகுதி. கிரிப்டோகிராஃபி படித்தவன் அல்ல. அதனால் கணித ஆழத்துக்குப் போகாமல், ஓட்டிப் பார்த்து அறிந்ததை மட்டும் சொல்கிறேன். இன்னொன்று: கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். டெர்மினலில் அவற்றின் ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாக அடித்துக்கொள்ளுங்கள்.

ஜிபிஜி 2.1 பதிப்பு 2014 நவம்பரில் வந்தபோது ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதுவரை ரகசியச் சாவியை ஜிபிஜி நிரலே தொட்டுக்கொண்டிருந்தது. அதன்பின் ரகசியச் சாவிகள் மொத்தமும் ஜிபிஜி-ஏஜென்ட் என்ற தனி நிரலின் பொறுப்புக்குப் போய்விட்டன. ஹோம் அடைவில் .க்னுபிஜி ஃபோல்டருக்குள் பிரைவேட்-கீஸ்-வி1.டி என்று ஒன்று இருக்கும், பாருங்கள். சாவிகள் அங்கேதான் பூட்டுப் போட்டபடி கிடக்கின்றன. நீங்கள் கமிட் போடும்போது கிட் ஜிபிஜியைக் கூப்பிடும், ஜிபிஜி ஏஜென்டைக் கூப்பிடும், ஏஜென்டின் நினைவில் பாஸ்பிரேஸ் இல்லையென்றால் அது பின்என்ட்ரி என்ற இன்னொரு சின்ன நிரலைக் கூப்பிட்டு உங்கள் முன்னால் ஒரு பெட்டியைக் காட்டும். நீங்கள் அடித்தது ஏஜென்டிடம் போய்ச் சேரும். அது தன் நினைவில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் கேஷ் என்று பேர். ஆக நீங்கள் அமைக்க வேண்டியது ஏஜென்டை. ஜிபிஜி.கான்ஃப் ஃபைலில் இந்த வரிகளை எழுதுகிறவர்கள் உண்டு. அங்கே அவற்றுக்கு வேலை இல்லை.

இனி உங்கள் முதல் புதிர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏஜென்டிடம் இரண்டு கணக்கு ஓடுகிறது. டிஃபால்ட்-கேஷ்-டிடிஎல் என்பது கடைசியாகப் பயன்படுத்தியதிலிருந்து எண்ணுவது. நீங்கள் சொல்லாவிட்டால் 600 வினாடி, அதாவது பத்து நிமிஷம். ஒவ்வொரு முறை சாவியைத் தொடும்போதும் அது முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். மேக்ஸ்-கேஷ்-டிடிஎல் என்பது பாஸ்பிரேஸ் அடித்த நொடியிலிருந்து எண்ணுவது. நீங்கள் சொல்லாவிட்டால் 7200 வினாடி, இரண்டு மணி நேரம். இடையில் எத்தனை தடவை பயன்படுத்தினாலும் இது நகராது. போன் ரீசார்ஜ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: டேட்டா எவ்வளவு மிச்சம் இருந்தாலும் வேலிடிட்டி முடிந்தால் முடிந்ததுதான். நீங்கள் முதல் எண்ணை எட்டு மணி நேரத்துக்கு உயர்த்தினீர்கள், இரண்டாவதைத் தொடவில்லை. ஒன்பதுக்கு அடித்தது பதினொன்றுக்குச் செத்துவிட்டது. ஏஜென்ட் ஒரு எச்சரிக்கை கூடக் காட்டாது, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை இது பிழையே இல்லை.

நம்ப வேண்டாம், ஐந்து நிமிஷம் செலவழித்துக் கண்ணால் பார்த்துவிடுங்கள். டிஃபால்ட்-கேஷ்-டிடிஎல் 60, மேக்ஸ்-கேஷ்-டிடிஎல் 180 என்று தற்காலிகமாகப் போட்டு, ஏஜென்டை மறுபடி படிக்க வையுங்கள் (எப்படி என்று கீழே சொல்கிறேன்). பிறகு எக்கோ சோதனை | ஜிபிஜி --கிளியர்சைன் என்று ஓட்டுங்கள். பாஸ்பிரேஸ் கேட்கும், அடியுங்கள். போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு, நாற்பது வினாடிக்கு ஒரு தடவை அதே கட்டளையை மேல் அம்புக்குறியால் எடுத்து ஓட்டுங்கள். 40, 80, 120, 160 எல்லாவற்றிலும் கேட்காமல் கையெழுத்து விழும், ஏனென்றால் அறுபது வினாடிக் கணக்கு ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்படுகிறது. 200-இல் பெட்டி எழும்பும். இப்போது ஒரு தடவை அடித்துவிட்டு எழுபது வினாடி சும்மா இருந்து ஓட்டிப் பாருங்கள். உடனே கேட்கும். முதலாவதில் செத்தது இரண்டாவது கணக்கால், அடுத்ததில் செத்தது முதல் கணக்கால். இதைச் செய்து பார்க்கும்போது நாளுக்கு நாலு தடவை கேட்டாலும் எரிச்சல் வராது. எந்தக் கணக்கு தீர்ந்தது என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை. இந்தச் சோதனை இப்போது உங்கள் மெஷினில் நான் சொன்னபடி நடக்காமல் போகலாம். அதற்குக் காரணம் உங்கள் இரண்டாவது புதிர். அதில் எனக்கு உறுதி இல்லை, இரண்டு ஊகம் இருக்கிறது.

எளிய ஊகம் முதலில். ஃபைலில் 60 என்று மாற்றினீர்கள், ஓடிக்கொண்டிருக்கிற ஏஜென்டுக்குச் சொல்லவில்லை. அது எழுந்திருக்கும்போது படித்த பழைய எண்ணையே வைத்துக்கொண்டு ஓடும். ஆனால் அப்படியானால் இரண்டு மணி நேரத்தில் பழையபடி கேட்டிருக்க வேண்டும். நீங்கள் நாள் முழுக்கக் கேட்கவில்லை என்கிறீர்கள். அதனால் இரண்டாவது ஊகத்தின் பக்கம்தான் சாய்கிறேன்: இடையில் ஒரு நாள், கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நேரத்தில், பின்என்ட்ரி பெட்டியில் பாஸ்வேர்ட் மேனேஜரில் சேமித்துக்கொள் என்ற சின்னக் கட்டத்தில் டிக் போட்டிருப்பீர்கள். க்னோம் டெஸ்க்டாப்புக்கான பின்என்ட்ரி அந்தக் கட்டத்தைக் காட்டும். டிக் போட்டால் பாஸ்பிரேஸ் க்னோம் கீரிங்குக்குள், உங்கள் லாகின் பாஸ்வேர்டால் பூட்டிய பெட்டிக்குள், வட்டிலேயே போய் உட்கார்ந்துவிடும். ஏஜென்ட் அறுபது வினாடியில் மறந்துவிடும், மறந்ததும் பின்என்ட்ரியைக் கூப்பிடும், பின்என்ட்ரி உங்களைக் கேட்காமல் கீரிங்கிலிருந்து எடுத்து நீட்டிவிடும். உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டிடிஎல் எண்கள் ஏஜென்டின் நினைவை மட்டும்தான் ஆளும். கீரிங் அவற்றின் ராஜ்யத்துக்கு வெளியே இருக்கிறது.

இரண்டு ஊகத்தில் எது என்று பிரிக்க ஒரே கட்டளை போதும். ஜிபிஜிகான்ஃப் --கில் ஜிபிஜி-ஏஜென்ட். இது ஏஜென்டை நிறுத்தும், அதன் நினைவில் இருந்ததெல்லாம் போய்விடும். அடுத்து ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போடுங்கள். ஏஜென்ட் தானாகப் புதிதாக எழும். புதிதாக எழுந்ததற்கு உங்கள் பாஸ்பிரேஸ் தெரிய வழியே இல்லை. அப்போதும் பெட்டி வரவில்லை என்றால், வெளியே யாரோ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெட்டி வந்தால் என் ஊகம் தப்பு, வேறு இடத்தில் தேட வேண்டும். (சாவிக்குப் பாஸ்பிரேஸே போடாமல் விட்டிருந்தாலும் பெட்டி வராது. அதையும் பார்க்க வழி சொல்கிறேன்.)

கீரிங்தான் காரணம் என்று தெரிந்தால் இரண்டு வேலை. ஒன்று, ஜிபிஜி-ஏஜென்ட்.கான்ஃப் ஃபைலில் நோ-அலவ்-எக்ஸ்டர்னல்-கேஷ் என்று தனி வரியாக எழுதுங்கள். கான்ஃபிக் ஃபைலில் முன்னால் இரண்டு கோடு வராது. இனிமேல் வெளிப்பெட்டியைப் பயன்படுத்தாதே, எப்போதும் ஆளைக் கேள் என்று பின்என்ட்ரிக்கு இது சொல்லும். இரண்டு, ஏற்கெனவே உள்ளே போனதை அழியுங்கள். க்னோமின் சீஹார்ஸ் நிரலைத் திறந்தால் லாகின் பெட்டிக்குள் ஜிபிஜி சாவிக்கான ஒரு பதிவு இருக்கும், அதை நீக்கலாம். டெர்மினலில் செய்ய வேண்டுமென்றால் சீக்ரெட்-டூல் என்று ஒரு நிரல் உண்டு. ஆனால் அதில் தேடும் கட்டளையை ஓட்டினால் பாஸ்பிரேஸை அப்படியே திரையில் கொட்டிவிடும். பக்கத்தில் ஆள் இருக்கும்போதோ ஸ்கிரீன் ஷேர் ஓடும்போதோ அதை அடிக்காதீர்கள்.

எண்களை மாற்றுவதற்கு வருவோம். பெரும்பாலானோர் ஃபைலை எடிட்டரில் திறந்து எழுதுவார்கள், அதில் தப்பில்லை. நான் ஜிபிஜிகான்ஃப் நிரலையே பயன்படுத்துகிறேன். பல மெஷின்களில் ஒரே அமைப்பை ஸ்கிரிப்ட் வழியாகப் போட அது சௌகரியம். இப்படி அடிக்க வேண்டும்: எக்கோ "மேக்ஸ்-கேஷ்-டிடிஎல்:0:28800" | ஜிபிஜிகான்ஃப் --ரன்டைம் --சேஞ்ச்-ஆப்ஷன்ஸ் ஜிபிஜி-ஏஜென்ட். முக்கால் புள்ளிகளுக்கு நடுவில் இருக்கிற 0, இந்த மதிப்பை வை என்பதற்கு. அந்த இடத்தில் 16 என்று போட்டு மதிப்பை விட்டுவிட்டால், பழைய இயல்பு நிலைக்கே போ என்று அர்த்தம். --ரன்டைம் என்பது ஃபைலில் எழுதுவதோடு நிற்காமல் ஓடுகிற ஏஜென்டுக்கும் சொல்லிவிடு என்பதற்கு. இதை ஓட்டியபின் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தால் கூட்டல், கழித்தல், ஹாஷ் குறிகளுக்கு நடுவில் ஜிபிஜிகான்ஃப் என்று கோலம் போட்ட மாதிரி ஒரு வரி இருக்கும். பயப்படாதீர்கள், கருவி தன் பகுதியைப் பிரித்துக்கொள்ளப் போட்ட வேலி அது. சரியாக விழுந்ததா என்று பார்க்க ஜிபிஜிகான்ஃப் --லிஸ்ட்-ஆப்ஷன்ஸ் ஜிபிஜி-ஏஜென்ட். முக்கால் புள்ளியால் பிரிந்த நீண்ட வரிகள் வரும். எட்டாவது கட்டத்தில் இயல்பு மதிப்பு, பத்தாவதில் நீங்கள் வைத்த மதிப்பு. பத்தாவது காலியாக இருந்தால் நீங்கள் எழுதியது ஏறவில்லை.

எடிட்டரில் எழுதினால் முடிவில் ஜிபிஜிகான்ஃப் --ரீலோட் ஜிபிஜி-ஏஜென்ட் என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். இதில் ஒரு சின்ன விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ரீலோட் செய்தால் கான்ஃபிக்கை மறுபடி படிப்பதோடு, நினைவில் இருக்கும் பாஸ்பிரேஸ் அத்தனையையும் ஏஜென்ட் கொட்டிவிடும். ஆகவே ரீலோட் செய்தவுடன் ஒரு தடவை கேட்கத்தான் செய்யும். புது அமைப்பு வேலை செய்யவில்லை என்று அப்போதே முடிவு கட்டி மறுபடி மறுபடி ரீலோட் செய்து, ஒவ்வொரு முறையும் மறுபடி கேட்பதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன். அதே ரீலோட் இன்னொரு விதத்தில் நல்ல கருவி: சீட்டை விட்டு எழுந்திருக்கும்போது எல்லாவற்றையும் மறக்கச் செய்ய அதையே பயன்படுத்தலாம். எல்லா அமைப்பும் ரீலோடில் ஏறுவதில்லை, சில மட்டும்தான். டிஃபால்ட்-கேஷ்-டிடிஎல், மேக்ஸ்-கேஷ்-டிடிஎல், நோ-அலவ்-எக்ஸ்டர்னல்-கேஷ் மூன்றும் ஏறும். சந்தேகம் வந்தால் --கில் கொடுத்துவிடுங்கள், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இப்போது எது நினைவில் இருக்கிறது என்று பார்க்க: ஜிபிஜி-கனெக்ட்-ஏஜென்ட் 'கீஇன்ஃபோ --லிஸ்ட்' /பை. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு வரி வரும். முதலில் கீஇன்ஃபோ, அடுத்து நாற்பது எழுத்தில் கீகிரிப் என்கிற அடையாளம். அதற்குப் பிறகு டி என்று இருந்தால் சாவி வட்டில் இருக்கிறது, டீ என்று இருந்தால் ஸ்மார்ட்கார்டில் (ஆங்கிலத்தில் முன்னது நாலாவது எழுத்து, பின்னது இருபதாவது எழுத்து, தமிழில் எழுதினால் இந்தத் தொல்லை). கீகிரிப்புக்குப் பின் நான்காவது இடத்தில் 1 என்று இருந்தால் பாஸ்பிரேஸ் நினைவில் இருக்கிறது. வெறும் கோடு இருந்தால் இல்லை. அதற்கு அடுத்த எழுத்து பி என்றால் சாவிக்குப் பாஸ்பிரேஸ் இருக்கிறது, சி என்றால் பூட்டே இல்லாமல் திறந்து கிடக்கிறது. சி வந்தால் மேலே நான் சொன்ன கீரிங் ஊகத்தை விட்டுவிட்டு முதலில் பாஸ்பிரேஸ் போடுங்கள். எந்தக் கீகிரிப் எந்தச் சாவி என்று தெரிய ஜிபிஜி --லிஸ்ட்-சீக்ரெட்-கீஸ் --வித்-கீகிரிப். அதை ஓட்டினால் இன்னொன்றும் தெரியும்: கையெழுத்துக்கு ஒரு சாவி, மறைகுறியாக்கத்துக்கு ஒரு உபசாவி, இரண்டுக்கும் கீகிரிப் வேறு. ஏஜென்ட் கீகிரிப் வாரியாகத்தான் நினைவில் வைக்கிறது. கமிட் போட்டது கையெழுத்துச் சாவியின் கணக்கைப் புதுப்பிக்கும், 'பாஸ்' பயன்படுத்துகிற உபசாவியின் கணக்கைப் புதுப்பிக்காது. கமிட் கேட்காமல் போகிறது, பாஸ் மட்டும் கேட்கிறது என்றால் இங்கே பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் விழுந்துவிடக்கூடிய குழி. எஸ்எஸ்எச் சாவிகளையும் (வேறு மெஷின்களுக்குள் நுழையப் பயன்படுத்துபவை) இந்த ஏஜென்டிடமே கொடுத்திருந்தால், அவற்றுக்குத் தனி எண்கள்: டிஃபால்ட்-கேஷ்-டிடிஎல்-எஸ்எஸ்எச், இயல்பாக 1800, மேக்ஸ்-கேஷ்-டிடிஎல்-எஸ்எஸ்எச், இயல்பாக 7200. மேலே சொன்ன ஜிபிஜி எண்களை மாற்றினால் இவை மாறாது. ஓபன்எஸ்எஸ்எச்சின் சொந்த எஸ்எஸ்எச்-ஏஜென்டைப் பயன்படுத்திப் பழகியவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். அங்கே எஸ்எஸ்எச்-ஆட் -டீ (ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்து) என்று கொடுக்கிற நேரம், சாவியைச் சேர்த்த நொடியிலிருந்து ஓடுவது, பயன்படுத்துவதால் நீளாது. பேர் ஏஜென்ட் என்று ஒன்றாக இருந்தாலும் நடத்தை வேறு.

ஜிபிஜி -சி என்று சாவியே இல்லாமல் வெறும் பாஸ்பிரேஸால் ஃபைலைப் பூட்டுகிறவர்களுக்கு வருகிற அதிர்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். பூட்டிய கையோடு திறந்து பார்த்தால், கேட்காமலே திறந்துவிடும். பூட்டே விழவில்லையோ என்று வயிற்றைக் கலக்கும். பூட்டு விழுந்திருக்கிறது; அந்தப் பாஸ்பிரேஸையும் ஏஜென்ட் அந்த ஃபைலுக்கு உரிய உப்பு மதிப்பை (பூட்டும்போது சேர்க்கிற தற்செயல் எண்) அடையாளமாக வைத்து நினைவில் கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். --நோ-சிம்கீ-கேஷ் என்று சேர்த்து ஓட்டினால் வைத்துக்கொள்ளாது. ஃபைலைப் பென்டிரைவில் போட்டு வேறு மெஷினில் திறந்து பார்த்தாலும் மனசு நிம்மதியாகும்.

ஸ்மார்ட்கார்டோ, யூஎஸ்பியில் செருகுகிற யூபிகீயோ வைத்திருந்தால் மேலே சொன்ன எண்கள் எதுவும் பொருந்தாது. பின் நம்பரைக் கார்டே சரிபார்த்துத் திறந்த நிலையில் இருக்கும்; பிடுங்கினால் மூடிக்கொள்ளும்.

அடுத்து, ஆள் இல்லாமல் ஓடுகிற ஸ்கிரிப்ட். பல வருஷத்துக்கு முன் ஒரு நிறுவனத்தில் இரவு இரண்டு மணிக்குப் பேக்கேஜ் பட்டியலுக்குக் கையெழுத்துப் போடும் வேலையை அமைத்தேன். வீட்டுக்குக் கிளம்பும் முன் ஏழு மணிக்கு ஜிபிஜி-ப்ரீசெட்-பாஸ்பிரேஸ் வழியாகப் பாஸ்பிரேஸை ஏஜென்டுக்கு ஊட்டிவிட்டுப் போவேன். அதற்கு அலவ்-ப்ரீசெட்-பாஸ்பிரேஸ் என்ற வரி கான்ஃபிக்கில் வேண்டும், போட்டிருந்தேன். கைப்படச் சோதித்தபோதெல்லாம் ஓடியது. முதல் ராத்திரியே விழுந்தது. ஊட்டியதற்கு முதல் கணக்கு ஓடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் காலவரையின்றி இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இரண்டாவது கணக்கு அதையும் விடாது. ஒன்பது மணிக்கே செத்திருக்கிறது, இரண்டு மணிக்கு ஸ்கிரிப்ட் வந்து வெறும் பெட்டியைத் தட்டியிருக்கிறது. மூன்று ராத்திரி கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் நிரல்) நேரத்தையும் பெர்மிஷனையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு நடந்ததும் எனக்கு நடந்ததும் ஒன்றே. அந்த நிரலைப் பயன்படுத்தினால், பாஸ்பிரேஸைக் கட்டளையிலேயே எழுதாதீர்கள். ஓடுகிற நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையை அடிக்கிற எவருக்கும் தெரியும். பைப் வழியாகக் கொடுங்கள்.

எத்தனை நேரம் வைப்பது என்பதில் உறுதியான விடை கிடையாது, என் அபிப்பிராயம்தான் இருக்கிறது. அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். ஏஜென்ட் பாஸ்பிரேஸை நினைவில் அப்படியே வைப்பதில்லை, ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறையால் சுற்றி வைக்கிறது; வட்டில் உள்ள ஸ்வாப் இடத்துக்குப் போகாத நினைவகத்தையும் பயன்படுத்துகிறது. ஆனால் சுற்றிய சாவியும் அதே நிரலுக்குள்தான் இருக்கிறது. மெஷினில் ரூட், அதாவது நிர்வாகி அதிகாரம், கிடைத்தவனுக்கு அது பெரிய தடை இல்லை. அதைவிட முக்கியம், உங்கள் பயனர் பெயரில் ஓடுகிற எந்த நிரலும் பாஸ்பிரேஸைத் திருடவே தேவையில்லை. கேஷ் திறந்திருக்கும் நேரத்தில் ஏஜென்டிடம் இதில் கையெழுத்துப் போடு என்று கேட்டால் போதும், போட்டுவிடும். எட்டு மணி நேரம் என்று வைத்தால், எட்டு மணி நேரம் அந்தக் கதவு திறந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் 34560000 என்ற ஒரு எண் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு டிடிஎல்லுக்கும் இதைப் போடுங்கள், தொல்லை தீரும் என்பார்கள். வகுத்துப் பார்த்தால் 400 நாள். நானும் ஒரு காலத்தில் போட்டிருந்தேன். ஒரு சாயங்காலம் டீ குடிக்க லேப்டாப்பை லாக் பண்ணாமல் போய்த் திரும்பி வந்தால், என் சாவியால் முறையாகக் கையெழுத்திட்ட ஒரு மெயில் டீம் மொத்தத்துக்கும் போயிருந்தது: இன்று டீ, பஜ்ஜி எல்லாம் என் செலவு. கையெழுத்தை எல்லாரும் சரிபார்த்தார்கள், செல்லும் என்று வந்தது, பணம் கொடுத்தேன். அன்றே 400 நாளை எடுத்துவிட்டேன்.

ஸ்கிரீனை லாக் பண்ணினால் கேஷ் அழியும் என்று பலர் நினைக்கிறார்கள். அழியாது. ஏஜென்டுக்கு ஸ்கிரீன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. லாக் ஆகும்போது ஏதாவது ஓட்டும் வசதி உங்கள் டெஸ்க்டாப்பில் இருந்தால், ஸ்வே என்ற டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துவோருக்கு ஸ்வேஐடில் மாதிரி, அதில் ரீலோட் கட்டளையை மாட்டிவிடுங்கள். லாக்அவுட் வேறு விஷயம். உபுண்டுவில் ஏஜென்ட் உங்கள் பயனருக்கான சிஸ்டம்டியின் (பின்னணி நிரல்களை நிர்வகிப்பது) கீழ் ஓடுகிறது. கடைசி செஷன் முடிந்ததும் அதுவும் போய்விடும். லாக்அவுட் ஆன பிறகும் அவற்றை ஓடவிடுகிற லிங்கர் வசதியை இயக்கி வைத்திருந்தால் மட்டும் போகாது, அதைச் சரிபாருங்கள். இன்னொன்று, சுடோ போட்டு ஜிபிஜியை ஓட்டினால் அது ரூட்டின் ஏஜென்டோடு பேசும், அதன் கான்ஃபிக்கும் நினைவும் தனி. என் அமைப்பு ஏன் எடுபடவில்லை என்ற கேள்விகளில் சிலவற்றுக்கு அதுதான் பதில்.

உங்கள் நிலைமைக்கு நான் என்ன வைப்பேன் என்றால்: டிஃபால்ட்-கேஷ்-டிடிஎல் 1800, மேக்ஸ்-கேஷ்-டிடிஎல் 14400, கூடவே நோ-அலவ்-எக்ஸ்டர்னல்-கேஷ். அரை மணி நேரம் தொடாமல் இருந்தால் மறக்கும், தொடர்ந்து வேலை செய்தால் காலையில் ஒரு தடவை, சாப்பிட்டு வந்து ஒரு தடவை அடிக்க வேண்டியிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிறபோது எப்படியும் அது மறந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. வீட்டில் தனியாக, வட்டு முழுக்க மறைகுறியாக்கம் செய்த மெஷினில் வேலை செய்பவர் இரண்டையும் 28800 என்று வைத்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன். மாறாக, பாஸ்வேர்ட் எடுக்க மட்டும் கேஷ் இருக்கட்டும், கையெழுத்துக்கு ஒவ்வொரு தடவையும் கேட்கட்டும் என்று விரும்பினால் இக்னோர்-கேஷ்-ஃபார்-சைனிங் என்ற வரி இருக்கிறது. நாளுக்கு முப்பது கமிட் போடுகிறவர் அதை ஒரு நாள் தாங்குவார்.

எண்களில் கை வைக்கும் முன் அந்த --கில் சோதனையை முதலில் ஓட்டிவிடுங்கள். பெட்டி வந்ததா இல்லையா, கீஇன்ஃபோ வரியில் கீகிரிப்புக்குப் பின் நான்காவது, ஐந்தாவது இடத்தில் என்ன இருந்தது என்று இரண்டை மட்டும் இங்கே எழுதுங்கள். கீகிரிப்பை ஒட்ட வேண்டாம், தேவையில்லை. கீரிங் இல்லை என்று தெரிந்தால் ஏஜென்ட் செய்ததை எழுதிவைக்கிற பதிவு ஃபைலைத் திறந்து பார்க்கிற வழியை அடுத்துச் சொல்கிறேன்.